ஏழாம் பாட்டுக்கு எழுந்தவர்கள்

கங்கையைச் சடைக்குள் வாங்கி, ஒரு துளியும் வழியவிடாமல் யுகம் யுகமாகத் தாங்கி நிற்கிற பெருமானே, முதல் வணக்கம் உனக்கு. ஒரு நதியையே அடக்கியவன் நீ. அரை லிட்டர் தண்ணீரை அடக்க முடியாமல் நெளிகிற அடியவர்களின் துன்பம் உனக்குத் தெரியாமல் இராது. ஆஸ்பத்திரியின் இந்த நிலவறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் எங்கள் அனைவருக்கும் துணை நில். என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இந்த ஐயாவுக்குச் சற்றுக் கூடுதலாகவே நில். அவருக்கு இன்றுதான் முதல் நாள்.

ஐயா, பாட்டிலைக் கீழே வைக்காதீர்கள். முழுவதையும் குடித்தாக வேண்டும். குடித்துவிட்டு, பெயர் சொல்லி அழைக்கும்வரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் ஒதுங்கி நிற்கும், கதிர்வீச்சு படவேண்டிய இடத்தில் மட்டும் படும். உள்ளே படுக்க வைத்துப் பார்த்து, நிறையவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களானால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்ற பங்குனி முழுவதும் நான் இதே நாற்காலியில் தவம் கிடந்தவன், அதனால் சொல்கிறேன். இன்று சோதனை முடிவு கேட்க மட்டும் வந்தேன். அந்தக் குழாயடிப் பக்கம் பார்க்காதீர்கள். கால்மேல் கால் போடாதீர்கள். முக்கியமாகச் சிரிக்காதீர்கள். நான் சொல்லப்போவது சிரிப்பதற்குரிய கதை அன்று. இருந்தாலும் சிலர் சிரித்துவிடுகிறார்கள். முன்பொரு நாள் ஒரு நகைக்கடைக்காரர் பாதிக் கதையில் எழுந்து ஓடினார். பாவம், அவருக்கு மறுபடியும் ஒரு பாட்டில்.

என் பெயர் அம்பலவாணன். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர். அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் திங்கள்தோறும் மாலையில் பதிகம் பாடுகிற திருக்கூட்டத்துக்கு நான்தான் தலைவன். நான் ஒரு வரி எடுத்துக் கொடுப்பேன், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் காப்பிப்பொடி நிறப் புடவையில் அமர்ந்து உங்கள் வீட்டம்மாவோடு பேசிக்கொண்டிருப்பவள் என் மனைவி தையல்நாயகி. மெல்லப் பேசுவோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வந்திருப்பது சிறுநீர்ப்பைப் பக்கம் ஒரு வீக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சிரிக்க ஆரம்பிக்கிறீர்கள், வேண்டாம். வாசலில் ஆள் உயரத்துக்குப் புற்றுநோய் என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று கேட்கப் போகிறீர்கள். எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அவள் அதை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. நடக்கும்பொழுது என் செருப்பைத்தான் பார்த்து நடப்பாள். முதல் நாள் அந்தப் பலகைக்குக் கீழே சற்று நேரம் நின்றாள். பிறகு, "வெயிலா இருக்கு, உள்ள போவோம்" என்றாள். அவ்வளவுதான். என்ன பேசுகிறார்கள் இரண்டு பேரும் என்கிறீர்களா? வற்றல் போடுவதைப் பற்றி இருக்கும்.

கார்த்திகையில் தெரிந்தது ஐயா. புராஸ்டேட் சுரப்பியில் என்று சொன்னார்கள். உங்களுக்கும் அதே இடம்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அச்சம் ஒன்றும் ஏற்படவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலனைக் காலால் உதைத்தவனைப் பாடுகிறவனுக்கு என்ன அச்சம்? சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அது தியானம். பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை. அது நோன்பு. பங்குனியில் அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கம் வாங்கப் போனேன், கடை வாசல்வரை போய்விட்டு வாங்காமல் திரும்பினேன். அச்சு சரியில்லை. மறுநாள் பார்த்தால் கூடத்து ஆணியில் அதே பஞ்சாங்கம் தொங்குகிறது. அவள் வாங்கி வந்திருக்கிறாள். "எதுக்கு?" என்றேன். "ஆவணியில மூலம் என்னைக்கு வருதுன்னு பாக்கணும்ல" என்றாள். பெண்களுக்கு அவசரம் அதிகம்.

இங்கே டாக்டர் ஸ்டெல்லா அம்மாதான் எனக்கு எல்லாம் எடுத்துச் சொன்னார். நல்லவர். அவர் ஏசுவைக் கும்பிடுகிறவர், ஆனால் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துத்தான் பேசுவார், கண்ணைப் பார்த்துப் பேசினால் நான் கலங்கிவிடுவேன் என்று நினைப்பு. "ஐயா, இப்ப ஒரு மாத்திரை எழுதுறேன். அப்புறம் ஊசி போடணும். ஆம்பளைச் சுரப்பை நிறுத்துற ஊசி. அந்தச் சுரப்புதான் இந்தக் கட்டிக்குத் தீனி. தீனிய நிறுத்திட்டுக் கதிர் வைப்போம்" என்றார். ஊசியால் என்ன ஆகும் என்றும் சொன்னார். திடீரென்று உடம்பு சுடும். முகம் சிவக்கும். வேர்த்துக் கொட்டும். பிறகு குளிரும். களைப்பு வரும். "மனசு சட்டுனு இளகும் ஐயா. கண்ணுல தண்ணி வரும். வெக்கப்படாதீங்க. இன்னொண்ணு, வீட்டம்மாகிட்டயும் சொல்லிருங்க, ராத்திரி விஷயம் கொஞ்ச நாளைக்கு..." என்று இழுத்தார். நான், "அம்மா, எனக்கு எழுபது கடந்துவிட்டது" என்று கம்பீரமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏனோ சட்டைப் பொத்தானை எல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

அன்றே பாயைப் பூசையறைக்கு மாற்றிக்கொண்டேன். விரதம் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். மறுநாள் அவளும் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் விரித்தாள். "இந்த ரூம்புலதான் காத்து நல்லா வருது" என்றாள். பூசையறையில் சன்னலே கிடையாது ஐயா. அவளுக்கு அந்த அளவுக்குத்தான் விவரம்.

ஆனால் டாக்டரம்மா கண்ணீர் வரும் என்றாரே, அங்கேதான் என் கதை தொடங்குகிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

உருகாத நெஞ்சை உருக்கு என்று கேளாத அடியார் கிடையாது. நானும் கேட்டிருக்கிறேன். பணியில் இருந்த காலத்திலிருந்து கேட்டிருக்கிறேன். கல்லாய் இருக்கிறேனே, கசியமாட்டேனா என்று பாடுவேன், பாடி முடித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வேன். கண் வறண்டே இருக்கும். பிழையில்லாமல் பாடுவேன். சீர் பிரியாது, மாத்திரை குறையாது. ஆனால் துளி வராது. எங்கள் கூட்டத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர், செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார், எனக்கு அடுத்த குரல். நூல்களைக் கரைத்துக் குடித்தவர். அவர் என் காதுபடவே சொல்வார்: "ஐயா பாடுறதைக் கேட்டா தந்தி வந்த மாதிரி இருக்கும்பா. எழுத்து ஒண்ணும் தப்பாது. யாரு செத்தாங்களோன்னு வயித்தைக் கலக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அப்படிப்பட்ட எனக்கு, மார்கழித் திருவாதிரை அன்று வந்தது. மாத்திரை போட ஆரம்பித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. விடியலில் நடராசருக்கு நீராட்டு. நல்ல குளிர். நான் பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரே பெண்கள் வரிசையைப் பார்த்தேன். தையல்நாயகி என் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் குளிர்ந்தால் கொடுப்பதற்காக வைத்திருந்தாள் போலும். அவள் காதோரம் முழுவதும் நரைத்திருந்தது. எப்பொழுது நரைத்தது என்று தெரியவில்லை. அடுத்த திருவாதிரைக்கு இவள் யாரோடு வருவாள், இருட்டில் அந்தச் சாக்கடைப் பாலத்தை யார் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டுவாள் என்று ஒரு நினைப்பு. சும்மா ஒரு நினைப்புத்தான். பாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. குரல் உடைந்தது. கண்ணிலிருந்து கொட்டியது, ஐயா, வாய்க்கால் மடை திறந்த மாதிரி. துண்டு நனைந்தது. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது. டாக்டரம்மா சொன்னபடியே நடக்கிறது. இதில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அழுதுகொண்டே நிம்மதியாகப் பாடினேன்.

ஏகாம்பரம் பாட்டை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

தையில் ஊசி போட்டார்கள். வயிற்றில் ஒரு குத்து. அதன்பிறகு நான் நின்ற இடமெல்லாம் திருவிளையாடல்தான். தொலைக்காட்சியில் ஒரு சோப்பு விளம்பரம், தாய் குழந்தைக்குத் தலை துவட்டுவாள், அழுதேன். சந்தையில் ஒரு கத்தரிக்காய் கூட்டத்திலிருந்து தனியே உருண்டு போயிற்று, அதற்கு அழுதேன். திங்கட்கிழமை கோயிலில் அமர்ந்தால், மூன்றாம் பாட்டு வரும்பொழுது கீழிருந்து ஒரு சூடு ஏறும். முகம் செக்கச்செவேல் என்று ஆகும். வேர்வை வழியும். சற்று நேரத்தில் அப்படியே குளிர்ந்து மயிர்க்கால் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். கை நடுங்கும். தாளம் தவறும். களைப்பில் கண்ணை மூடிச் சிலைபோல அமர்ந்துவிடுவேன்.

இறைவனிடம் உள்ளம் தோய்ந்தவர்களுக்கு உடம்பில் எட்டு அடையாளம் தோன்றும் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணீர், வியர்வை, மயிர்க்கூச்சு, குரல் தழுதழுப்பு, நடுக்கம், நிறமாற்றம், செயலறுதல், கடைசியாக மூர்ச்சை. எண்ணெய்க் கடை ஏகாம்பரத்துக்கு இது விரல் நுனியில் இருக்கும். அவர் திங்கள்தோறும் என்னைப் பார்ப்பதும் விரலை மடக்குவதுமாக இருந்தார். மாசி பிறப்பதற்குள் ஏழு விரல் மடங்கிவிட்டது. ஒரு நாள் பாட்டு முடிந்ததும் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். "தந்தின்னு சொன்ன வாயி இது ஐயா. நீங்க பழுத்துட்டீங்க, நாங்கதான் கண்ணு தெரியாம இருந்துட்டோம்" என்றார். அவர் அழுதார். அதைப் பார்த்து நான் அழுதேன். என் அழுகையைப் பார்த்து மொத்தக் கூட்டமும் அழுதது. ஒரு அம்மாள் என் வேர்வைத் துண்டைக் கேட்டு வாங்கிப் பூசையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் முதல் எட்டாவது அடையாளத்துக்காக ஏகாம்பரம் எனக்குப் பின்னால் ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தார். நான் மூர்ச்சையாகி விழுந்தால் மண்டை அடிபடக் கூடாதாம்.

ஐயா, மூச்சை இழுத்து விடுங்கள். கூரையைப் பாருங்கள். அப்படித்தான்.

இதையெல்லாம் நான் எப்படி மறுப்பது? ஊசி என்று சொன்னால் எதற்கு ஊசி என்பார்கள். நோய் என்று சொன்னால் என் பாட்டைக் கேட்கமாட்டார்கள், என் முகத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அதற்கு இது தேவலை என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இங்கே நீங்களும் நானும்தானே. எனக்குப் பிடித்திருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் திங்கட்கிழமை எப்பொழுது வரும் என்று எதிர்பார்க்க ஆரம்பித்தேன். பசித்தது. தையல்நாயகி ஒரு நாள், "இன்னொரு தோசை கேட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மாவு தீர்ந்திருக்கும்.

பங்குனியில் இந்தக் கதிர் வைத்தியம் தொடங்கியது. ஊரில் முழங்கால் வலிக்கு மதுரை போய்வருகிறேன் என்று சொன்னேன். வைத்தியம் பாதி ஆனபொழுது எனக்கு அடக்கும் வல்லமை போயிற்று. பயப்படாதீர்கள், எல்லோருக்கும் அப்படி ஆகாது, ஆனாலும் பின்னால் தேறிவிடும், எனக்குத் தேறிவிட்டது. அப்பொழுது மட்டும் வருகிறது என்று உடம்பு சொன்னால் எழுந்துவிட வேண்டும், ஒரு வரிகூடத் தாங்காது. வேட்டிக்குள் வைத்துக்கொள்ளத் துணி வேண்டும், கடையில் கேட்க வெட்கம். நல்லவேளையாகத் தையல்நாயகி அந்த நாளில் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து நாலாக மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக் கரித்துணியாம். அவற்றை அடுப்படியில் வைக்காமல் என் வேட்டி மடிப்புகளுக்கு நடுவிலேயே வைத்துவிடுவாள். கண்ட பொருளைக் கண்ட இடத்தில் வைப்பது அவள் வழக்கம். நான் தெரியாமல் எடுத்துக்கொள்வேன். குறைகிறதே என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை, பதிகத்தில் ஏழாம் பாட்டு தொடங்குகிறது. கூட்டம் நிறைந்திருக்கிறது. எனக்கு வந்துவிட்டது. கழிப்பறையோ தேர்க்கொட்டகைக்குப் பின்னால். நடுப்பாட்டில் தலைவன் எழுந்து ஓடினால் என்ன நினைப்பார்கள்? தாங்கவில்லை. சடக்கென்று எழுந்துவிட்டேன். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினேன். அந்தக் கணத்தில், ஐயா, எதிர்வரிசையில் தையல்நாயகியும் எழுந்துவிட்டாள். கைகளைத் தலைமேல் கூப்பிக்கொண்டு, என்றும் இல்லாதபடி உரத்த குரலில் ஏழாம் பாட்டைப் பாடினாள். அவளைப் பார்த்துப் பெண்கள் எழுந்தார்கள். பெண்களைப் பார்த்து ஆண்கள் எழுந்தார்கள். எல்லோரும் நின்றுவிட்டார்கள், அத்தனைபேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் கூப்பிய கை கூப்பியபடியே நடுவில் நடந்து, பிராகாரம் தாண்டி, தேர்க்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். பெருமான் கருணை என்பது இதுதான்.

திரும்பி வருகிறேன், இன்னும் ஏழாம் பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார்கள். முடிய முடியத் தையல்நாயகி மறுபடியும் முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு எட்டாம் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்தேன். நான் வந்து அமர்ந்த பிறகுதான் நினைவு வந்தது போலும், எட்டாம் பாட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரமும் அதே இடத்தில் எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் எழுந்தாள். அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் கூட்டமே எழுந்து நிற்கிறது, நான் மட்டும் எப்படி அமர்ந்திருப்பது? ஏகாம்பரம் அதற்குப் பொருள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஏழாம் பாட்டில் பெருமான் விடைமேல் ஏறி வருகிறான், வருகிறவனை அமர்ந்துகொண்டா வரவேற்பது என்றார். அழகான விளக்கம். கேட்டுவிட்டு நானே ஒப்புக்கொண்டேன். சித்திரையில் பக்கத்து ஊர்த் திருக்கூட்டத்தார் வந்து பார்த்தார்கள். இப்பொழுது அங்கும் ஏழாம் பாட்டுக்கு எழுந்து நிற்கிறார்கள். தலைவர் வெளியே போய்வர வேண்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். கட்டாயம் இல்லை, அது அவரவர் பக்குவத்தைப் பொறுத்தது என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

சிரிக்காதீர்கள் என்றேனே. பாருங்கள், உங்கள் வீட்டம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

சரி, இனிமேல்தான் என் துன்பம். வருகிற ஆவணி மூலத்தன்று கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டப் போகிறார்கள். சுவாமிக்கு முன்னால் நின்று நான் தனியாக ஒரு பதிகம் பாட வேண்டும். ஐந்தாறு ஊர்க் கூட்டம் வரும். எல்லோரும் என் பாட்டைக் கேட்க வரவில்லை ஐயா, என் கண்ணைப் பார்க்க வருகிறார்கள். இந்த நிலையில் இன்று காலை டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "ஐயா, நல்லா இறங்கிருச்சு. இனி ஊசி வேண்டாம். சில மாசத்துக்கு ஒருதடவை வந்து சோதனைக்கு ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

வேறொருவன் என்றால் அங்கேயே விழுந்து கும்பிட்டிருப்பான். நான், "அம்மா, இன்னும் ஒரே ஒரு ஊசி" என்றேன்.

"எதுக்கு ஐயா?"

"ஆவணி மட்டும் தாண்டிவிட்டால் போதும்."

"அது என்ன பூஸ்டரா, திருவிழாவுக்குப் போட? ஊசிய நிறுத்தினா உங்களுக்குத்தான் நல்லது. தெம்பு வரும். சூடு குறையும். அழுகை நிக்கும்."

"அது நிற்கக் கூடாது அம்மா" என்றேன். பிறகு வேறு வழியில்லாமல், திருவாதிரையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திருவாதிரை எப்ப வரும் ஐயா?" என்று கேட்டார்.

"மார்கழியில்."

"ஊசி பொங்கலுக்கு அப்புறம்தானே போட்டோம்."

"மாத்திரை அதற்கு முன்பே கொடுத்துவிட்டீர்களே."

"அது தடையில்லாம ஒண்ணுக்குப் போறதுக்குக் குடுத்த மாத்திரை. அதுக்கும் அழுகைக்கும் சம்பந்தமே கிடையாது. வேர்வை, சூடு எல்லாம் என் கணக்குல எழுதிக்கங்க. அந்த மொத நாள் அழுகை மட்டும் என்னுது இல்ல. அது உங்களுது."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மருத்துவம் தெரியும், அனுபவம் போதாது. ஊசி வரப்போகிறது என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கும். பார்சல் வருமுன்னே சீட்டு வந்து சேர்வதில்லையா? நான் அஞ்சலகத்தில் எத்தனை பார்த்திருக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இல்லையென்றால், அன்று அந்தக் குளிரில் அழுதவன் யார்? சால்வையை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாளே, அவளைப் பார்த்து...

அதை விடுங்கள். ஆவணிக்கு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பரிவட்டத்தைக் கட்டிவிட்டுக் கூட்டம் என் கண்ணையே பார்க்கும், நான் மறுபடியும் தந்தி வாசிப்பேன். ஏகாம்பரம் தலையணையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வருகிறாள். பேச்சை மாற்றுங்கள். ஆமாம் ஐயா, திண்டுக்கல் பக்கம் மழை உண்டா?

வா, தையல்நாயகி. இந்த ஐயாவுக்கு இன்று முதல் நாள்.

"தெரியும். அவுங்க சொன்னாங்க. தம்பி, படுத்ததும் முதுகு சில்லுன்னு இருக்கும், பயந்துராதீங்க. மிஷினு சுத்தி வரும், மேல படாது. முடிச்சு வெளிய வந்ததும் இடதுபக்கம் ரெண்டாவது கதவு, அதுதான் பக்கம். நேரா உள்ள ஓடிருங்க. இவரு மொத நாளு வலதுபக்கம் ஓடி ஸ்கேன் ரூம்புக்குள்ள போயிட்டாரு."

பார்த்தீர்களா ஐயா, கதவெல்லாம் எண்ணி வைத்திருக்கிறாள். எந்த இடத்துக்குப் போனாலும் வாசல் வழி பார்ப்பது இவள் வழக்கம்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

வீக்கம் வடிந்துவிட்டதாம். ஊசியும் இனி வேண்டாமாம்.

"வடிஞ்சிருச்சா."

வடிந்துவிட்டது.

ஐயா, அவளை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். இந்த நிலவறையில் ஏசி அதிகம், அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்க் மூடியைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள். இப்படிக் கொடு.

"ஏங்க."

என்ன?

"அப்ப இனிமே ஏழாவது பாட்டுக்கு நான் எந்திரிக்க வேண்டாமா?"

கேட்டீர்களா ஐயா? இத்தனை மாதம் பாடியும் பாட்டின் பொருள் இவளுக்கு விளங்கவில்லை. எழுந்து நிற்பது விடைமேல் வருகிற பெருமானுக்காக என்று ஏகாம்பரம் எத்தனை தடவை விளக்கியிருக்கிறார். எனக்கு வீக்கம் வடிந்ததற்கும் இவள் எழுவதற்கும் என்ன... என்ன தொடர்பு...

தையல்நாயகி, நீ எழுந்திரு. ஆவணியிலும் எழுந்திரு. அடுத்த திருவாதிரைக்கும் எழுந்திரு. எனக்கு நேர் எதிரே, நான் பார்க்கிற இடத்தில் நில். சால்வையை மடியில் வைத்துக்கொள்ளாதே, போர்த்திக்கொள்.

ஒன்றும் இல்லை ஐயா. துண்டு இருக்கிறதா உங்களிடம்? பழைய ஊசியின் மிச்சம். உடம்பை விட்டு முழுவதும் இறங்கச் சில மாதம் ஆகும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். ஆவணி தாண்டும்வரை இருக்கும் போலத்தான் தெரிகிறது. ஏகாம்பரம் தலையணையோடு வரட்டும்.

உங்கள் பெயரை அழைக்கிறார்கள். மெல்ல எழுந்திருங்கள். குனியாதீர்கள். கையைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு போனால் தாங்கும், நான் சொல்கிறேன். உங்கள் வீட்டம்மாவும் எழுந்துவிட்டார் பாருங்கள், யாரும் சொல்லாமலே.

சடைக்குள் நதியைத் தாங்கியவன் உள்ளே போகிற உங்களையும் தாங்கட்டும். முடிந்து வெளியே வந்ததும் இடதுபக்க இரண்டாம் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கட்டும். இந்தக் கதையைக் கேட்ட காதுகளுக்கு நல்ல சொல்லே வந்து சேரட்டும். அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கமும் அதற்கடுத்த ஆண்டுப் பஞ்சாங்கமும் உங்கள் வீட்டு ஆணியில் தொங்கட்டும். நீங்கள் எழுந்து நிற்க நேர்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் எதிர்வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் எழுந்து நிற்கட்டும். நலமாகப் போய் வாருங்கள்.